உட்கார்ந்திருப்பவர் எல்லாம் சும்மா இருப்பவரா?

சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று டாக்டரிடம் போனால் 'செடன்டரி லைஃப்' என்ற சொல் காதில் விழாமல் திரும்புவது கடினம். உட்காருவதைக் குறிக்கும் 'செடேரே' என்ற லத்தீன் வினையில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் அது. வடமொழியின் 'சத்' என்ற வேரும் அதே குடும்பம்தான். குருவின் அருகே அமர்தல் என்று பொருள் சொல்லப்படும் உபநிஷத்தும், அவையைக் குறிக்கும் பரிஷத்தும் அந்த வேரில் முளைத்தவை. கௌரவமான பரம்பரைதான், நோயோடு சேர்ந்து பெயர் கெட்டது பிற்பாடு.

காஞ்சிபுரத்துக் குழித்தறி முன்னால் இந்தச் சொல் கொஞ்சம் தடுமாறும். நெசவாளர் குழியின் விளிம்பில் உட்கார்ந்துதான் இருக்கிறார், அதுவும் மணிக்கணக்காக. ஆனால் குழிக்குள் எட்டிப் பாருங்கள். கால்கள் மிதிகளை மாறி மாறி அழுத்துகின்றன. பாவு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிய, நடுவில் நாடா ஓடுகிறது. உடனே கை பலகையை இழுத்து ஊடையை அடித்து நெருக்குகிறது. கோர்வைச் சேலை என்றால் உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு ஒவ்வொன்று என மூன்று நாடா. பக்கத்தில் இன்னொருவரும் உட்கார்ந்து கைகொடுக்க வேண்டும். இவரையா சும்மா இருப்பவர் என்பது?

இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமஸ்ஸினி இதை அன்றே யோசித்திருக்கிறார். 1700இல் வெளியான தொழில்நோய் நூலில் செருப்புத் தைப்பவர், தையற்காரர் போன்றவர்களை உட்கார்ந்து வேலை செய்வோர் என்று ஒன்றாகச் சேர்த்து, விடுமுறை நாளிலாவது உடற்பயிற்சி செய்யச் சொன்னார். நெசவுக்கோ 1713 பதிப்பில் தனி அத்தியாயம்: கை, கால், முதுகு என எல்லாம் சேர்ந்து உழைக்கும் தொழில் என்பது அவர் கணிப்பு.

பிறகு 1953இல் ஆய்வாளர் ஜெர்ரி மாரிஸ் குழுவினர் லண்டன் மாடி பஸ்களை ஆராய்ந்தார்கள். நாளெல்லாம் உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, படியேறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது.

காஞ்சி வைகுண்டப் பெருமாள் கோயிலில் மூன்று தளம். கீழே இருந்த கோலம், நடுவில் கிடந்த கோலம், மேலே நின்ற கோலம். பெருமாளுக்குக் கோலத்தைச் சொன்னால் போதும்; உடலியலுக்குப் போதாது. 'செடன்டரி' என்பதற்கு 2012இல் ஆய்வாளர்கள் கூடி வகுத்த வரையறைக்கு நிபந்தனை இரண்டு: விழித்திருக்கும்போது உட்கார்ந்தோ சாய்ந்தோ இருக்க வேண்டும்; செலவாகும் ஆற்றலும் 1.5 மெட்டுக்கு மேல் போகக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடுவது 1 மெட். தூக்கம் கணக்கில் சேராது. ஆக, மிதித்து நெய்பவர் முதல் நிபந்தனையில் அகப்பட்டாலும் இரண்டாவதில் தப்பிவிடுகிறார். கடையில் மெத்தைமேல் சாய்ந்து, 'இன்னொரு கலர் காட்டுங்க' என்கிற நாம் இரண்டிலும் தேறிவிடுகிறோம்.

இதனால் தறி வேலை உடம்புக்கு நல்லது என்று ஆகிவிடாது. ஒரே இடத்தில் குனிந்தபடி, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் வரும் முதுகுவலியும் முழங்கால் வலியும் நெசவாளர் வீடுகளில் சகஜம். அது வேறு கணக்கு.

உலக சுகாதார நிறுவனம் 2020இல், பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்றது. உட்காரும் நேரத்தைக் குறைக்கவும் சொன்னது. ஆனால் இத்தனை மணி நேரம்தான் உட்காரலாம் என்று வரம்பு எதுவும் விதிக்கவில்லை.