வாசலில் நிற்கும் மனுசன்

நிலாவெளியில் ஒரு பெண் பிள்ளைத்தாச்சி என்று பதிந்ததும் கிளினிக்கில் இரத்தம் எடுப்பார்கள். இரத்த வகை, சீனி, ஈமோகுளோபின் பார்ப்பதோடு சிபிலிசுக்கும் எச்.ஐ.விக்கும் சோதனை நடக்கும். எல்லாருக்கும் செய்வதால் அதில் வெட்கம் இல்லை. இதைத் தீவு முழுக்க விடாமல் செய்ததால்தான், தாயிடமிருந்து பிள்ளைக்கு இவ்விரண்டும் தொற்றுவதை ஒழித்த நாடென்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்தது.

பெருமைதான். அவளுடைய மனுசன் எங்கே? வாசலில், மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி போன் பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய இரத்தத்தை யாரும் கேட்பதில்லை.

பாலியல் நோய் என்றதும் ஊரில் கை நீளுவது சீசனுக்கு வரும் வெள்ளைக்காரரையும், வாடி போட்டுத் தொழில் செய்ய வரும் வெளியூர் மீனவரையும் நோக்கித்தான். பழி போட வசதியான ஆட்கள். ஆனால் கிருமி அடையாள அட்டை பார்த்து ஏறுவதில்லை.

சிபிலிசையே எடுங்கள், பழைய ஆட்கள் மேகநோய் என்றது. முதலில் வலியே இல்லாத ஒரு சிறு புண். நுளம்புக் கடிக்குக் கொடுக்கும் கவனம்கூட அதற்குக் கிடைக்காது. சில கிழமைகளில் தானாகவே ஆறிவிடும். களிம்பு பூசியவர் களிம்பால் மாறியது என்பார், நேர்த்தி வைத்தவர் நேர்த்தியால் என்பார். கிருமியோ இரத்தத்தில் இறங்கியிருக்கும். பல வருடம் கழித்து இதயத்தையோ மூளையையோ பிடிக்கலாம். தொடக்கத்திலேயே கண்டால் பெரும்பாலும் ஒரே ஒரு பென்சிலின் ஊசியோடு முடிகிற காரியம்.

கிளமிடியா பெண்களிடம் பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. கருக்குழாய் அடைபட்டுப் பிள்ளை தங்காமல் போனால், மலடி என்ற பட்டமும் அவளுக்குத்தான். அவளுக்கு மட்டும் மருந்து கொடுத்தும் பயனில்லை. மருந்தெடுக்காத மனுசனிடமிருந்து மறுபடி தொற்றும்.

ஆணுறை இவற்றில் பெரும்பாலானவற்றைத் தடுக்கும். பாமசியில் கேட்டு வாங்கிய நாலு குளிசை தடுக்காது. அரைகுறை மருந்தால்தான் கொனோரியாக் கிருமி மருந்துக்கு மசியாமல் போய்க்கொண்டிருக்கிறது. எச்.ஐ.வி. தொற்றிய உடனே சோதித்தாலும் தெரியாது. சந்தேகம் இருந்தால் மூன்று மாதம் கழித்து இன்னொரு தரம் பார்க்க வேண்டும். இருப்பது தெரிந்தாலும் மருந்து உண்டு, அரசாங்கம் இலவசமாகவே தருகிறது.

திருகோணமலை ஆஸ்பத்திரியில் பாலியல் நோய்க்கென்றே ஒரு கிளினிக் இருக்கிறது. டொக்டரின் கடிதம் வேண்டாம், காசு வேண்டாம், உங்கள் விஷயம் வெளியே போகாது. நிலாவெளியிலிருந்து பஸ்ஸில் அரை மணி சொச்சம். மோட்டார் சைக்கிளில் இன்னும் கெதியாய்ப் போகலாம்.