உங்களுக்குத் தெரியுமா? கோப்பைக்குள் ஒரு வறண்ட ஏரி!

பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம், கோடையில் வற்றிய ஏரியில் வண்டல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வீட்டிலுள்ள பழைய பீங்கான் கோப்பையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். அதே வலை, மயிரிழையில்! ஏரி மண் ஈரம் போய்ச் சுருங்குகிறது. கோப்பையிலோ, சூடு ஆறும்போது மேல்மெருகு உள்மண்ணைவிட அதிகம் சுருங்கப் பார்க்கிறது. வெடிக்காமல் என்ன செய்யும்? பிந்தி வரும் விரிசல் முந்தையதைப் பெரும்பாலும் செங்கோணத்தில் முட்டி நிற்கும். எது மூத்தது என்று அதை வைத்தே சொல்லிவிடலாம். நனைந்து நனைந்து காயும் சேற்றில் மட்டும் கட்டங்கள் மெல்ல அறுகோணத்தை நெருங்கும். நிறமும் வேடிக்கைதான்: பீங்கானுக்கு நீலம் தரும் கோபால்ட் ஆக்சைடு, சூளைக்குள் போகும்போது கறுப்பு!