கிட்னி பாதிப்பு இருக்கும்போது சுகர் தானா குறையுதா? உஷார்!

"பல வருஷ சுகர் இப்போ தானா கண்ட்ரோலுக்கு வந்துடுச்சு" என்று சிறுநீரக பாதிப்பு உள்ள சர்க்கரை நோயாளிகள் சிலர் நிம்மதி அடைவதுண்டு. ஆனால் அது எச்சரிக்கை மணியாக இருக்கலாம்.

ஏன் குறையுது?

இன்சுலினை உடலில் இருந்து நீக்குவதில் சிறுநீரகத்துக்கும் பங்கு உண்டு. அது பழுதானால், போட்ட இன்சுலின் கூடுதல் நேரம் வேலை செய்யும். சில சுகர் மாத்திரைகளும் அப்படித்தான். பழைய டோஸே அதிகமாகிவிடும்.

அறிகுறிகள் என்ன?

வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, குழப்பம். ராத்திரி தூக்கத்தில் வந்தால் தெரியாமலே போகலாம்.

உடனே என்ன செய்யணும்?

அளவு 70-க்குக் கீழே போனால், 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கணும். 15 நிமிடம் கழித்து மறுபடி டெஸ்ட் செய்யணும். இளநீர், ஆரஞ்சு ஜூஸ் வேண்டாம். அதிலுள்ள பொட்டாசியத்தைப் பழுதான சிறுநீரகத்தால் சரியாக வெளியேற்ற முடியாது. மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108-ஐ அழைக்கணும்.

சுகர் தேறினாலும் விட்டுவிடாமல், அன்றே டாக்டரிடம் சொல்லி டோஸை சரிபார்த்துக்கொள்வது அவசியம்.