பதித்த பல்லுக்கு முடி எப்பொருளால்?

தாடையென்பில் தைத்தேனியத் திருகாணியைப் பதித்து அதன்மீது பல் நிறுவும் முறையினைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர் பிரோனெமார்க் 1965ஆம் ஆண்டில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குக் கையாண்டார். என்பும் தைத்தேனியமும் பிணைவதே அதன் அடிப்படை. ஆயின் திருகாணியின் மேல் அமரும் முடியை எதனால் ஆக்குவது என்பது வேறு வினாவாகும்.

இயற்கைப் பல்லுக்கும் என்புக்கும் இடையே மெல்லிய நாரிழையம் உண்டு. கடியின் விசையைத் தணிப்பதும், விசை மிகும்போது நமக்கு உணர்த்துவதும் அதுவே. பதித்த பல்லுக்கு அது இல்லை. ஆகவே முடியின்மீது சுமை கூடுகின்றது. உலோகத்தின்மேல் பீங்கான் ஏற்றிய முடிகள் நெடுங்காலம் பயின்றுவந்தவை. எனினும் பீங்கான் சிதறுவதுண்டு. இலிதியம் டைசிலிக்கேற்று ஒளியை ஊடுசெல்லவிடுவதால் முன்பல்லுக்கு எழில் தரும். அதன் வளைவுவலிமை ஏறத்தாழ 400 மெகாபஸ்கால். வழமையான சேர்க்கோனியம் ஒட்சைட்டுக்கோ அது 900ஐயும் கடக்கும். வெடிப்பின் முனையில் அதன் பளிங்குகள் அமைப்பு மாறிச் சற்றே விரிவதால் வெடிப்பு மேற்செல்லாது நெருக்கப்படுகின்றது. கடைவாய்ப்பல்லுக்கு, முழுவதும் இதனாலேயே செய்து நன்கு மெருகிட்ட முடியையே நாம் பரிந்துரைப்போம். மெருகு குன்றின் எதிர்ப்பல் தேயும். ஒளி மிகுதியாக ஊடுசெல்லும் புதிய வகைகள் வலிமையிற் குறைந்தவை. விற்பனைப் பிரசுரங்கள் இதனை உரத்துக் கூறுவதில்லை.

புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைற்று, உரூற்றைல், சேர்க்கோன் ஆகியன உள. முதலிரண்டும் தைத்தேனியத் தாதுக்கள், மூன்றாவது சேர்க்கோனியத்தினது. அவற்றைப் பெரும்பாலும் மணலாகவே ஏற்றுமதி செய்யும் நாம், திருகாணியையும் முடிக்கான பொருளையும் பிறரிடம் விலைகொடுத்து வாங்குகின்றோம். அவ்விலையைக் கொடுக்க இயலாத உழைப்பாளிக்கு, இரவில் கழற்றிவைக்கும் பற்றொகுதியே எஞ்சுகின்றது.