வண்டி எவ்வளவு கொடுக்கும்?

புது மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றதும் பக்கத்து வீட்டுக்காரர் கேட்பது இதைத்தான்: "எவ்வளவு கொடுக்கும்?" மாடு வாங்கிக் கட்டினாலும் இதே கேள்விதான் வரும். விற்றவர் சொன்ன அளவு ஒன்று, மறுநாள் செம்பில் விழும் அளவு வேறு என்பதிலும் மாட்டுக்கும் வண்டிக்கும் ஒற்றுமை உண்டு.

இந்தக் கேள்வி நம் நாட்டில் சூடு பிடித்தது 1985இல், ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்தபோது. டேங்கை நிரப்பு, மூடு, பிறகு அதை மறந்துவிடு என்பதுதான் அதன் விளம்பரத்தின் சாரம். அதுவரை சாலையில் ஓடியவை பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் வண்டிகள். அந்த இன்ஜினில் எரிந்த புகை வெளியேறும் துளையும் புதுக் கலவை உள்ளே வரும் துளையும் கொஞ்ச நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். முன்வாசல் வழியே வந்த விருந்தாளி உட்காராமலே கொல்லைப்புறம் போய்விடுவது போல, வந்த பெட்ரோலில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியே போய்விடும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் புகையைத் தள்ளுவதற்கென்று பிஸ்டன் தனியாக ஒரு முறை ஏறுகிறது; கதவு திறக்க, மூட வால்வுகள் இருக்கின்றன. கசிவு பெரும்பாலும் நின்றது. பால் கேனும் கீரைக்கட்டும் சுமந்து திரிந்த டிவிஎஸ் எக்ஸெல் இந்தப் பக்கம் வர 2015 ஆனது.

கசிவு நின்றாலும் இன்ஜின் சிக்கனமாகிவிடவில்லை. நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டால் சக்கரத்தைச் சுற்றுவது சுமார் 25 ரூபாய்தான். மிச்சம் சிலிண்டரையும் சைலன்சரையும் சூடாக்கிவிட்டுப் போகிறது. வண்டியை நிறுத்தியதும் கெண்டைக்கால் சைலன்சரில் பட்டுச் சுரீர் என்று இழுத்தவர்களுக்கு அந்த 75 ரூபாய் எங்கே போனதென்று சொல்ல வேண்டாம்.

அந்த 25 ரூபாயைத் தின்பதில் பெரிய ஆள் காற்று. மோட்டார் சைக்கிள் ஒல்லியாக இருப்பதால் காற்றைச் சுலபமாகக் கிழித்துக்கொண்டு போகும் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அதன் வடிவம் காற்றுக்கு ஆகவே ஆகாது. கண்ணாடி, ஹேண்டில்பார், விரித்த முழங்கால், படபடக்கும் சட்டை எல்லாம் காற்றைச் சுழற்றிவிட்டு இழுபடுகின்றன. அளவைத் தள்ளிவிட்டு வடிவத்தை மட்டும் பார்த்தால் கார் இதைவிட எவ்வளவோ வழவழப்பு. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். 40 கிலோமீட்டர் வேகத்தில் டயரின் உராய்வும் காற்றும் ஏறக்குறைய சரிக்குச் சரி. 80இல் காற்றின் கைதான் ஓங்கியிருக்கும். அமெரிக்காவில் கிரெய்க் வெட்டர் என்ற வடிவமைப்பாளர் 1980களில் மைலேஜ் போட்டிகள் நடத்தினார். சின்ன இன்ஜின் வண்டிகளை மீன் போன்ற கூட்டுக்குள் அடைத்து ஓட்டி, லிட்டருக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் எடுத்துக் காட்டினார்கள். முக்கியமாகக் குறைத்தது காற்றின் பிடியைத்தான். நம் வண்டிக்குக் கூடு கட்ட முடியாது. ஆக்சிலேட்டரை முறுக்கும் மணிக்கட்டைக் கொஞ்சம் தளர்த்தலாம். தம்பி ஓட்டினால் 45, அப்பா ஓட்டினால் 60 என்று ஒரே வண்டி இரண்டு கணக்கு சொல்வது இதனால்தான்.

சரி, இந்த எண்ணுக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா? இங்கேதான் கிலோமீட்டர் கணக்கு நம்மை ஏமாற்றுகிறது. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்று வையுங்கள். 30 கொடுக்கும் வண்டியை விட்டு 40 கொடுப்பதற்கு மாறினால் மிச்சம் எட்டு லிட்டருக்கு மேல். 60இலிருந்து 70க்கு மாறினால்? இரண்டரை லிட்டர்கூட இல்லை. இரண்டுமே பத்து கிலோமீட்டர் வித்தியாசம்தான். ஏற்கெனவே சிக்கனமான வண்டியில் இன்னும் ஐந்து கூடும் என்று ஷோரூமில் சொல்வதற்காக விலை கூடிய மாடலை வாங்குபவர், அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்க நெடுங்காலம் ஓட்ட வேண்டியிருக்கும். ஐரோப்பாவில் பல நாடுகளில் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று தலைகீழாகச் சொல்கிறார்கள். நமக்கும் அது நல்லதுதான், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

தினம் 80 கிலோமீட்டர் சுற்றும் பால்காரருக்கு 45க்கும் 60க்கும் நடுவே மாதம் 13 லிட்டர் போகிறது. லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி விற்கும்போது அது ஒரு வீட்டின் மின்கட்டணம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் புல்லட்டை எடுத்து, வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர் ஓட்டுபவர் கதை வேறு. அவர் வண்டி 35க்குப் பதில் 45 கொடுத்தாலும் வருட மிச்சம் 19 லிட்டர்தான்; பின் டயர் ஒன்றுக்குக் காணாது. அவர் பார்க்க வேண்டியது டேங்க். 13 லிட்டர் டேங்கும் 35 மைலேஜும் இருந்தால், சென்னையில் நிரப்பியது மதுரையை நெருங்கும்போது தீரும்.

மைலேஜ் ஆசை கெடுதலும் செய்யும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். கார்புரேட்டர் காலத்தில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் ஸ்குரூவை அரைச் சுற்று திருப்பிப் பெட்ரோலைக் குறைத்துக் கொடுத்தார். ஐந்து கிலோமீட்டர் கூடியது உண்மை. மேட்டில் வண்டி திணறியது. இன்ஜின் தொட முடியாத அளவு கொதித்தது. ஒரு வாரத்தில் ஸ்குரூ பழைய இடத்துக்கே வந்தது. டயரில் காற்றைச் சரியாக வைப்பதும், கிளட்சை அரைகுறையாகப் பிடித்தபடி ஓட்டாமல் இருப்பதும் இதைவிட மலிவு. இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலில் ஆற்றல் லிட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால், கலவையில் ஆறேழு சதவீதம் ஆற்றல் குறைகிறது. மைலேஜ் லேசாக இறங்கினால் வண்டியை மட்டும் திட்ட வேண்டாம்.

பழைய வண்டிகளில் ரிசர்வும் தீர்ந்தால் கடைசியாக ஒரு வித்தை உண்டு. டேங்க், சேணம் போலச் சட்டத்தின் இரண்டு பக்கமும் தொங்கும். குழாய் ஒரு பக்கம்தான். மறுபக்கத்தில் தேங்கிய பெட்ரோல் நடுமேட்டைத் தாண்டாது. வண்டியைக் குழாய்ப் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் களக் களக் என்று சத்தம் கேட்கும்; பங்க் வரை போக அது போதும். 2020இல் பிஎஸ் 6 வந்த பிறகு அநேகமாக எல்லா வண்டிக்கும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். டேங்குக்குள் ஒரு பம்ப் இருக்கிறது, பெட்ரோலில் முங்கியிருந்தால்தான் அது சூடேறாமல் வேலை செய்யும். சொட்டுச் சொட்டாகக் கடைசிவரை ஓட்டி மிச்சம் பிடிக்கிறவர், ஒருநாள் அந்தப் பம்ப்பின் விலையைக் கேட்டுத் திகைத்து நிற்பார்.