கொம்தார் உயரத்துக்கு எட்டு விநாடி

கோலாலம்பூர் கோபுரத்தில் பேஸ் ஜம்ப் நடக்கும் நாள்களில், கீழே அண்ணாந்து நிற்கும் கூட்டத்தில் யாராவது ஒருவர் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார்: "இடுப்பில கயிறு கட்டியிருப்பாங்கதானே?" கயிறு இல்லை. முதுகில் ஒரு பை, அந்தப் பைக்குள் ஒரே ஒரு பாராசூட். அது விரியாவிட்டால் மாற்று கிடையாது.

விமானத்திலிருந்து குதித்தால் அது ஸ்கைடைவிங். நகராத ஒன்றின் மேலிருந்து குதித்தால் பேஸ். கட்டடம், ஆண்டெனா கோபுரம், பாலம், மலைப்பாறை என்ற நான்கின் ஆங்கில முதலெழுத்துகளையும் சேர்த்து அமெரிக்கரான கார்ல் போனிஷும் நண்பர்களும் வைத்த பெயர் இது. நான்கு வகையிலும் குதித்து முடித்தவர்களுக்கு வரிசை எண் கொடுக்கும் வழக்கம் 1981-இல் தொடங்கியது. போனிஷின் எண் 4. அவருக்கு ஒரு படி முன்னால், 3-ஆம் எண் அவர் மனைவி ஜீனுக்கு! 1984-இல் நோர்வேயின் ட்ரோல்வெக்கன் மலையில் இருவரும் சேர்ந்து குதித்துச் சாதனை படைத்தார்கள். மறுநாள் அதே மலையில் மீண்டும் குதித்தபோது கார்ல் உயிரிழந்தார்.

மலேசியாவுக்கும் இந்த விளையாட்டுக்கும் உறவு பழையது. 1999 ஏப்ரல் 15-ஆம் தேதி, ஆஸ்திரியரான ஃபெலிக்ஸ் பாம்கார்ட்னர் அலுவலக ஆள் போல உடுத்திக்கொண்டு பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்துக்குள் நுழைந்து, அனுமதியில்லாமல் உச்சியிலிருந்து குதித்தார். பின்னாளில் வளிமண்டலத்தின் அடுக்கு மண்டலத்திலிருந்து குதித்து உலகப் புகழ் பெற்றவர் அவர்தான். கோலாலம்பூர் கோபுரத்தில் நடப்பது அப்படித் திருட்டுத்தனமாக அல்ல. அனுமதியோடு, மருத்துவக் குழுவோடு, அனுபவம் உள்ளவர்களை மட்டும் அழைத்து நடத்துகிறார்கள். குதிக்கும் மேடை ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

பினாங்குக்காரர்களுக்கு உயரம் என்றால் கொம்தார்தான். மேலே கூடுதல் மாடிகள் கட்டிய பிறகு அது 249 மீட்டர். அங்கிருந்து விழும் மனிதன் பாராசூட் இல்லாமல் தரையைத் தொட ஏறக்குறைய 8 விநாடி ஆகும். கோலாலம்பூர் கோபுர மேடையிலிருந்து 9 விநாடி. வானொலியில் நேரத்தைச் சொல்லி, அடுத்த பாடலையும் படத்தின் பெயரையும் சொல்லி முடிக்க எங்களுக்கே அவ்வளவு நேரம் பிடிக்கும். விழும் வேகம் சீராக இருப்பதும் இல்லை. முதல் விநாடியில் 5 மீட்டர்தான். இரண்டாவது விநாடி முடிவில் 19 மீட்டர், மூன்றில் 42, நான்கில் 73, ஐந்தில் 112. முதல் இரண்டு விநாடி நிதானமாகத் தோன்றும். தாமதித்தவனுக்கு அந்த நிதானம் அடுத்த இரண்டு விநாடிகளில் கிடைப்பதில்லை.

ஸ்கைடைவிங்கோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகப் புரியும். அங்கே 4,000 மீட்டரில் குதிக்கிறார்கள். ஒரு நிமிடம் வரை விழலாம். முதுகில் இரண்டு பாராசூட்டுகள். குதித்தவர் மயங்கிவிட்டாலும் இரண்டாவது பாராசூட்டைத் தானாகவே திறக்கும் சிறு கணினி ஒன்றும் உண்டு. பரவலாகப் பயன்படும் அந்தக் கருவி இயங்குவது தரையிலிருந்து 225 மீட்டர் உயரத்தில். அதாவது, ஸ்கைடைவருக்கு எல்லா வழியும் அடைபட்டு இயந்திரம் கடைசியாகக் கை கொடுக்கும் இடம் கொம்தார் உச்சியைவிடத் தாழ்வானது. பேஸ் குதிப்பவரின் பயணம் அந்த உயரத்தில்தான் தொடங்குகிறது.

கொம்தாரின் 65-ஆவது மாடியின் வெளிவிளிம்பில் கிராவிட்டிஸ் என்ற கயிற்றுப் பாதை இருக்கிறது. பலர் போயிருப்பீர்கள். அங்கே கால் தவறினாலும் கொக்கி உங்களைப் பிடித்துக்கொள்ளும். நீங்கள் செய்யும் தவற்றைக் கருவி மன்னிக்கும். பேஸ் கருவிகள் அப்படிப்பட்டவை அல்ல. நீங்கள் முன்கூட்டியே எடுத்த முடிவை அப்படியே நிறைவேற்றும், அவ்வளவுதான். முடிவு தப்பாக இருந்தால் தப்பையும் நிறைவேற்றும்.

அதனால்தான் கருவித் தேர்வு இந்த விளையாட்டில் கடைக்குப் போய் நல்ல பிராண்டாகப் பார்த்து வாங்கும் விஷயம் அல்ல. முதலில் பாராசூட்டையே எடுத்துக்கொள்வோம். ஸ்கைடைவிங் குடை மெதுவாக, சொகுசாக விரியும்படி தைக்கப்பட்டது. முழுதாக விரிவதற்குள் 200 மீட்டரையும் தின்றுவிடக்கூடியது. அதைக் கட்டிக்கொண்டு கொம்தார் உயரத்திலிருந்து குதித்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். பேஸ் குடை ஏழு அறைகளாகத் தைக்கப்பட்டு, உடல் எடைக்குப் பெரிதாக இருக்கும். சீக்கிரம் விரிய வேண்டும், விரிந்த பிறகு மெதுவாகப் பறக்க வேண்டும். பல குடைகளின் அடித்துணியில் காற்று சட்டென்று புகுந்து நிரம்புவதற்குத் தனித் திறப்புகளும் உண்டு.

அடுத்தது பைலட் சூட். கையில் பிடித்து வீசி எறியும் சிறு குடை இது. காற்றைப் பிடித்துப் பெரிய குடையைப் பைக்குள்ளிருந்து இழுத்து வெளியே கொண்டுவருவது இதுதான். இரண்டு விநாடிதான் விழப்போகிறார் என்றால் வேகம் குறைவு, காற்றின் இழுப்பும் குறைவு. அதற்கு 42 அங்குலத்துக்கு மேற்பட்ட பெரிய சூட் வேண்டும். பத்து விநாடி விழப்போகிறவருக்கு 32 அங்குலம் போதும். மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? குறைந்த உயரத்தில் சிறியது சோம்பலாக இழுக்கும். வேகமாக விழும்போது பெரியது முரட்டுத்தனமாக இழுத்து, குடையைக் கோணலாக விரிய வைக்கும். ஸ்லைடர் என்ற சதுரத் துணியும் அப்படியே. நூல்களின் ஊடே சறுக்கி இறங்கி, குடை விரியும் வேகத்தைத் தணிப்பது அதன் வேலை. நான்கு விநாடிக்கு மேல் விழுந்தால் அது இல்லாமல் உடம்பு தாங்காது. இரண்டு விநாடிக் குதிப்பில் அது இருந்தால் குடை விரிய நேரம் போதாது, கழற்றிவிடுவார்கள். ஆகவே, "நல்ல கருவி எது?" என்று கேட்டால் ஒரு பேஸ் வீரர் பதில் சொல்வதற்கு முன் திருப்பிக் கேட்பார்: எத்தனை மீட்டர், எத்தனை விநாடி?

இவ்வளவையும் சரியாகச் செய்தாலும் சுவர் என்று ஒன்று இருக்கிறது. குதித்தவர் விழுவது கட்டடத்துக்கு மிக அருகில். குடை விரியும்போது அது முன்னோக்கிப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பி விரிந்துவிட்டால், ஓரிரு விநாடிக்குள் நேராகச் சுவரில் மோதும். பேஸ் விபத்துகளில் பெரும் பங்கு இதனால் வருவது. இதைச் சமாளிக்கத்தான் குடையின் பிரேக் நூல்களை முன்கூட்டியே ஆழமாக இழுத்துக் கட்டி வைக்கிறார்கள். விரிந்தவுடன் குடை பாய்ந்து முன்னேறாது, திருப்புவதற்கு ஒரு மூச்சு நேரம் கிடைக்கும். குடையை இடம் வலம் சமமாக மடிப்பதும், குதிக்கும்போது தோள்கள் சாயாமல் இருப்பதும் இதற்காகவே. மடிக்கும் வேலையைக் கூலிக்கு விடுவதும் வழக்கமில்லை. தன் குடையைத் தானே மடிக்க வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். மோட்டார்சைக்கிள் ஹெல்மெட் வாங்கும்போது நாம் சிரிம் முத்திரையைத் தேடுகிறோம். அமெரிக்காவில் ஸ்கைடைவிங்கின் சேணத்துக்கும் இரண்டாவது பாராசூட்டுக்கும் அரசு விமானத் துறையின் தர அனுமதி கட்டாயம். பேஸ் கருவிகளுக்கு அப்படிப்பட்ட கட்டாய முத்திரை எதுவும் இல்லை. இணையத்தில் பழைய பை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிறவருக்கு அதை எடைபோடும் அறிவு தன்னிடம்தான் இருக்க வேண்டும். அந்த அறிவு இல்லாதவருக்கு அது மலிவு அல்ல.

ஆபத்து எவ்வளவு? நோர்வேயின் ஷெராக் பாறையில் 1995 முதல் 2005 வரை நடந்த 20,850 குதிப்புகளை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 9 பேர் இறந்திருந்தனர், உயிர் தப்பிய காயங்கள் 82. அதாவது, ஏறத்தாழ 2,300 குதிப்புக்கு ஒரு சாவு. அமெரிக்காவில் 2023-இல் நடந்த 36 லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்கைடைவிங் குதிப்புகளில் இறந்தவர்கள் 10 பேர். காலமும் இடமும் வேறு, ஆகவே இரண்டையும் தராசில் வைத்து நிறுக்க முடியாது. ஆனால் ஷெராக் ஆயிரம் மீட்டர் உயரப் பாறை, உள்ளூர்க் கழகம் கண்காணித்து நடத்தும் இடம். நேரமும் உயரமும் தாராளமாக உள்ள அங்கேயே கணக்கு இப்படி.

ஆபத்தைக் குறைக்க இந்த உலகம் கண்டுபிடித்த வழி பெரும்பாலும் காத்திருப்பதுதான். முதல் பேஸ் குதிப்புக்கு முன் சுமார் 200 ஸ்கைடைவிங் குதிப்பு வேண்டும் என்பது பரவலான எதிர்பார்ப்பு. பிறகு ஆசிரியரோடு, பாலத்திலிருந்து. பாலத்தில் மோதுவதற்குச் சுவர் இல்லை. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 148 மீட்டர் உயரப் பெரைன் பாலத்தில் ஆண்டு முழுவதும் அனுமதிச் சீட்டு இல்லாமல் குதிக்கலாம், கீழே ஆறு. கற்றுக்கொள்கிறவர்கள் உலகம் முழுவதிலிருந்தும் அங்கே போவது அதனால்தான். "நம்ம பினாங்கு மலை 833 மீட்டராச்சே" என்று யாராவது நினைத்தால், உயரம் இருந்து பயனில்லை. அது சரிவு, செங்குத்துப் பாறை அல்ல. பினாங்குப் பாலமோ இதற்கு மிகவும் தாழ்வு.

சாகச ஆசை நம் வீடுகளுக்குப் புதிதல்ல. 1997 மே 23 அன்று எவரெஸ்ட்டில் முதலில் கால் வைத்த மலேசியர்கள் மகேந்திரனும் மோகனதாஸும்தானே! ஆகவே வேலைக்குப் போகும் மகனோ மகளோ ஒரு நாள் இதைப் பற்றிப் பேச்செடுத்தால், "உனக்கென்ன பைத்தியமா?" என்று கேட்டு வாயை அடைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வாயை அடைத்தால் சொல்லாமல் போவார்கள். கேட்க வேறு கேள்விகள் இருக்கின்றன. இதுவரை எத்தனை முறை விமானத்திலிருந்து குதித்திருக்கிறாய்? சொல்லிக் கொடுத்தவர் யார்? குடையை யார் மடிப்பது? இடத்துக்கு அனுமதி உண்டா? அப்புறம், நான் மிக முக்கியமாக நினைப்பது: மேலே ஏறிப்போய், காற்று சரியில்லை என்று குதிக்காமல் படியிறங்கி வந்தது எத்தனை தடவை? கட்டடங்களுக்கு இடையே காற்று சுழன்று அடிக்கும். கீழே கொடி அசையாமல் இருக்கும்போதே மேலே பலமாக வீசும். கோபுர நிகழ்ச்சியிலும் வானிலை மோசமானால் காத்திருக்கத்தான் வேண்டும். அந்தக் கேள்விக்கு "ஒரு தடவைகூட இல்லை" என்று பதில் வந்தால், கவலைப்படக் காரணம் இருக்கிறது.

வீட்டுக் கடனும் குழந்தைகளும் உள்ளவர்கள் கூடுதலாக ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பல ஆயுள் காப்புறுதி, விபத்துக் காப்புறுதிப் பத்திரங்களில் ஆபத்தான விளையாட்டுகளுக்கு இழப்பீடு இல்லை என்ற விதிவிலக்கு இருக்கும். இது பேஸுக்கு மட்டுமல்ல, விடுமுறைக்குப் போன இடத்தில் ஸ்கைடைவிங், பாராகிளைடிங் என்று பணம் கட்டி ஏறுகிறவர்களுக்கும் பொருந்தலாம். முகவரிடம் வாய்வார்த்தையாகக் கேட்பதோடு விடாமல், விதிவிலக்குகள் அச்சிடப்பட்டுள்ள பக்கத்தைக் காட்டச் சொல்லிப் படித்துப் பாருங்கள்.