உங்களுக்குத் தெரியுமா? வட்டியும் முதலும்

புதுக்கடை ஜங்ஷனில் ஒருவர், “வட்டியும் முதலுமா தாறேன்லே” என்றால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். வரப்போவது பைசாவா, அடியா என்பதை அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஆங்கிலத்தின் ‘பே பேக்’கும் இதே ரகம், கடனைத் திருப்பிக் கொடுப்பதும் அதுதான், பழிவாங்குவதும் அதுதான். இத்தனைக்கும் ‘பே’ என்ற சொல் பிறந்தது, ‘சமாதானப்படுத்து’ என்று பொருள்படும் ‘பாக்காரே’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து. கடன் கொடுத்தவரைச் சாந்தப்படுத்துவதே மெல்லப் பணம் கட்டுவதாக மாறியது.

வழக்கில் இப்படி இருந்தாலும், தனிச்சொற்களில் தமிழ் கொஞ்சம் கறார். உதவிக்குக் கைம்மாறு, நட்டத்துக்கு ஈடு, தீங்குக்குப் பழி என்று தனித்தனியே பிரித்து வைத்திருக்கிறது. ஆனால் ஓரிடத்தில் நாமும் சறுக்குகிறோம்: ‘கடன்காரர்’ என்றால் கொடுத்தவரும்தான், வாங்கியவரும்தான்!